வெளிநாட்டு பஸ், ரயில், மெட்ரோ: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். விசா ஃபாரம் நிரப்ப, டிக்கெட் பிரின்ட் எடுக்க, சான்றிதழ் ஸ்கேன் பண்ண என்று வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கேயோ கிளம்புகிறவர்கள். வளைகுடா, சிங்கப்பூர், இப்போது ஜெர்மனி, இங்கிலாந்து. நம் குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரின்ட் வருகிற நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அங்கே வேலைக்கு எப்படிப் போய் வருவது, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?

நான் ஒன்பது வருடம் துபாயில் இருந்தவன். தங்கச்சி ஜெர்மனியில் நர்ஸ், அக்கா மகன் இங்கிலாந்தில் படிக்கிறான், சித்தப்பா மகன் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் இருக்கிறான். இவர்களிடம் கேட்டதும், டிக்கெட் விவரம் தேடித்தேடி நானே படித்ததும்தான் கீழே இருப்பது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

லண்டன்ல ஒரு பஸ் டிக்கெட்டு இருநூறு ரூவாயாம்ல, அவ்வளவு குடுத்து தினமும் எப்படிப் போறது?

ரூபாயில் மாற்றிப் பார்த்தால் இருநூறு சொச்சம் வரும், அது சரிதான். ஆனால் நீங்கள் அங்கே ரூபாயில் சம்பாதிக்கப் போவதில்லையே. நான் எல்லோருக்கும் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. டிக்கெட் விலையை ஒரு மணி நேரக் கூலியால் வகுத்துப் பாருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை நிமிடம் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இங்கே கட்டட வேலைக்கு நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 112 ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்து நிமிட வேலை. லண்டன் பஸ்ஸில் 2023 மார்ச் முதல் எவ்வளவு தூரம் போனாலும் 1.75 பவுண்டு. 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது தாண்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. கணக்குப் போட்டால் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. இருநூறு ரூபாய் என்று கேட்டதும் வந்த பயம் பாதி போய்விடும்.

இப்போது துபாய். 1500 திர்ஹம் சம்பளம், 26 நாள், தினம் எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு ஏழு திர்ஹம் சொச்சம். மெட்ரோவில் பக்கத்து மண்டலத்துக்குப் போக 5 திர்ஹம். அது நாற்பது நிமிட வேலை! போய் வர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். பார்க்க துபாய் டிக்கெட் மலிவு, லண்டன் டிக்கெட் விலை. உழைப்பில் அளந்தால் அப்படியே தலைகீழ். இந்தக் கணக்கைக் கீழேயும் பல இடத்தில் போடுவேன், மறந்துவிடாதீர்கள்.

எந்த நாட்டுல பஸ்ஸு முழுசா ஓசி?

லக்சம்பர்க். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. அந்த நாட்டுக்காரன், வெளிநாட்டுக்காரன் என்ற பேதம் கிடையாது, ஏறி உட்கார வேண்டியதுதான். நாடு ரொம்பச் சின்னது, நம் மாவட்டத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். மால்டாவில் 2022 அக்டோபரிலிருந்து, அங்கேயே வசித்து பெயர் பதிந்த கார்டு வைத்திருப்பவர்களுக்கு பஸ் இலவசம், சுற்றுலாப் பயணிகள் காசு கொடுக்க வேண்டும். எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் 2013 முதல் நகரவாசிகளுக்கு இலவசம்.

ஓசி என்றால் கூட்டம் மொத்தமும் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். லக்சம்பர்க்கில் இன்றும் ரோட்டில் கார் நெரிசல்தான். டிக்கெட் விலையைவிட வண்டி அடிக்கடி வருகிறதா என்பதுதான் ஆளை இழுக்கும்.

இங்க பொம்பளைகளுக்கு ஃப்ரீ பஸ் உண்டுல்லா, அதுல திருவனந்தபுரம் வரைக்கும் போலாமா?

முடியாது. இதை வெளிநாட்டுக் கேள்வியாகவே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் டிக்கெட் விஷயத்தில் அது வேறு நாடுதான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும் பெண்களுக்கு இலவசம். நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் போகிற நீண்ட தூர வண்டி அதில் சேராது, கேரள அரசு வண்டிக்கும் நம் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. கேரளத்தில் 2022 மே முதல் குறைந்தபட்ச டிக்கெட்டே 10 ரூபாய். நெய்யாற்றின்கரையில் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா களியக்காவிளை வரை ஓசியில் வந்து, அங்கே இறங்கி வண்டி மாறிப் போகிறார். மாறி ஏறுவதில் இருபது நிமிடம் போகிறது, அந்த இருபது நிமிடமும் ஒரு கட்டணம்தான்.

கண்டக்டரே கிடையாதாமே, காசு யார்ட்ட குடுக்கிறது?

யாரிடமும் கொடுக்க வேண்டாம், பல இடத்தில் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையோடு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஏடிஎம் கார்டோ போனோ மெஷினில் காட்டினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் டிக்கெட். துபாயில் நோல் கார்டு, அதில் காசு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஆப், அல்லது ஸ்டேஷனில் மெஷின்.

ஆனால் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். லண்டனில் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் கார்டு காட்டினால் போதும், சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் பஸ்ஸிலேயே இரண்டு தடவை. இறங்கும்போது காட்ட மறந்தால் அந்த வண்டி போகிற கடைசி ஸ்டாப் வரைக்கும் உள்ள காசை எடுத்துக்கொள்ளும். சித்தப்பா மகன் முதல் மாதத்தில் எத்தனை தடவை மறந்தான் என்று கேட்டால் இன்னும் முறைப்பான். இன்னொன்று, ஒரே கார்டைக் காட்டி இரண்டு பேர் போக முடியாது. “அவருக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட்டு” என்று நம் ஊரில் சொல்கிற மாதிரி அங்கே சொல்ல ஆள் இல்லை.

ஜெர்மனியில டிக்கெட்டு பாக்க கேட்டே இல்லையாம், எடுக்காம போனா யாருக்குத் தெரியும்?

கேட் இல்லை என்பது உண்மை. மெட்ரோ பிளாட்பாரத்துக்கு நேராக இறங்கிப் போகலாம். ஆனால் சாதாரண சட்டை பேன்ட் போட்ட இரண்டு பேர் உள்ளே ஏறுவார்கள், கதவு மூடினதும் அட்டையை எடுத்துக் காட்டி டிக்கெட் கேட்பார்கள். இல்லையென்றால் 60 யூரோ. “நான் புதுசு, தெரியாது” என்பதெல்லாம் எடுபடாது. சும்மா கிடைத்த பயணம் மாதிரி இருக்கும், ஒரு நாள் மாட்டினால் ஒரு மாத டிக்கெட் காசு போய்விடும். திரும்பத் திரும்ப மாட்டினால் போலீஸ் கேஸ் வரை போகும். விசாவில் இருக்கிறவர்கள் அந்த விளையாட்டுக்கே போக வேண்டாம்.

என் தங்கச்சி டிக்கெட் எடுத்தே மாட்டினாள். சில ஊர்களில் மெஷினில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். அவள் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லை என்றுதான் கணக்கு. வந்த புதிதில், முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் 60 யூரோ.

மற்ற நாடுகளையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் பாதி. துபாயில் 200 திர்ஹம்.

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போறேன், அந்த மாச டிக்கெட்டு எடுக்கணுமா வேண்டாமா?

தினமும் பஸ்ஸோ டிராமோ ஏறுவீர்கள் என்றால் எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று பெயர். 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம் மட்டும் மாதம் 9 யூரோவுக்கு ஒரு டிக்கெட் விட்டார்கள், ஜனங்கள் அள்ளிக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2023 மே முதல் 49 யூரோவுக்கு இது வந்தது. 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் முதல் கேள்வியில் போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 2026இல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. நாலரை மணி நேர வேலைக்கு ஒரு மாதம் முழுக்க, நாடு முழுக்கப் பயணம். நர்ஸ் சம்பளத்தில் இன்னும் குறைவாகத்தான் வரும்.

எல்லா ஊர் பஸ், டிராம், மெட்ரோ, அப்புறம் மெதுவாகப் போகிற வட்டார ரயில், எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயிலுக்குச் செல்லாது. தெரியாமல் ஐசிஇயில் ஏறினால் மேலே சொன்ன கதைதான். வட்டார ரயிலிலேயே மாறி மாறி நாட்டின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகலாம், நாள் முழுக்க ஆகும், சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது மாதாமாதம் தானாக நீளும் சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். ஊருக்கு லீவில் வருகிறவர்கள் மறந்துவிட்டு இங்கே கல்யாணம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே காசு போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரமே ‘ஜாப் டிக்கெட்’ உண்டா என்று கேளுங்கள். வேலை கொடுக்கிறவர் குறைந்தது 25 சதவீதம் ஏற்றால், அதற்கு மேல் இன்னொரு 5 சதவீதம் கழிவு கிடைக்கும். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

ஜெர்மன்காரன்னா நேரம் தவறமாட்டான், ரயிலும் அப்படித்தானே?

சிரிப்புதான் வருகிறது. 2024இல் அவர்களுடைய நீண்ட தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அதை ‘நேரத்துக்கு வந்தது’ என்றே எழுதிக்கொள்வார்கள். தண்டவாளம், சிக்னல் எல்லாம் பழசு, பல வருடம் பணம் போடாமல் விட்டார்கள், இப்போது ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் காசில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும், அது ஒரு ஆறுதல்.

நேரம் என்றால் ஜப்பான், சுவிட்சர்லாந்து. ஜப்பானில் ஐந்து நிமிடம் தாமதமானாலே ஆபீஸில் காட்ட ஒரு சான்றுச் சீட்டு தருவார்கள். கேர்கிவர் வேலைக்கு ஜப்பான் போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, அங்கே பெரும்பாலான கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகும் ரயில் செலவைத் தனியாகக் கொடுத்துவிடும், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சுவிட்சர்லாந்தில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. 1982இலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: ஒரு மணிக்கு எத்தனையாவது நிமிடத்தில் வண்டி வருமோ, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வரும். மலைக் கிராமத்துக்குப் போகிற மஞ்சள் பஸ் ரயில் வந்து ஆள் இறங்கி ஏறும் நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி கிளம்பும். குழித்துறை ஸ்டேஷனில் ராத்திரி இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பையன் இங்கிலாந்துல படிக்கப் போறான், பஸ்ஸுக்கு மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்?

லண்டனா, வேறு ஊரா என்று முதலில் சொல்லுங்கள். இரண்டும் இரண்டு உலகம். லண்டனில் 1.75 பவுண்டு கொடுத்து ஏறினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம், மறுபடி காசு எடுக்காது. நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் போகாது. 18 வயது தாண்டிய முழுநேர மாணவர்களுக்கு வார, மாத பாஸில் 30 சதவீதம் கழிவு உண்டு. சுரங்க ரயில் வேகம், ஆனால் விலை கூடுதல். அவசரமில்லாத பயல்கள் பஸ்ஸில் போகட்டும், மாடி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் ஊர் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

லண்டனுக்கு வெளியே 1986இல் பஸ்ஸைத் தனியாரிடம் திறந்துவிட்டார்கள். லாபம் வரும் ரூட்டில் மூன்று கம்பெனி போட்டி போடும், லாபமில்லாத ரூட்டில் ஒன்றுமே வராது. நம் ஊரிலும் தனியார் வண்டி ஓடாத இடத்துக்கு யார் போகிறார்கள் என்று யோசித்தால் விளங்கும். மான்செஸ்டர் வட்டாரம் 2023இலிருந்து 2025 ஜனவரிக்குள் பஸ்களை மறுபடி உள்ளாட்சிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்துவிட்டது. விலை கண்டபடி போகாமல் இருக்க இங்கிலாந்தில் 2023இல் ஒரு பயணத்துக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2025 ஜனவரியிலிருந்து அது 3 பவுண்டு. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதனால் நிமிடக் கணக்கு இவனுக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும்.

தூர ரயிலுக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் விமான டிக்கெட்டைவிடக் கூடுதலாக வரலாம். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு ரயில்கார்டு என்று ஒன்று உண்டு, வருடத்துக்கு 35 பவுண்டு, மூன்றில் ஒரு பங்கு கழியும். அக்கா மகன் அதை வாங்க ஆறு மாதம் யோசித்தான், அந்த ஆறு மாதத்தில் விட்ட காசுக்கு இரண்டு கார்டு வாங்கியிருக்கலாம்.

துபாய்ல மெட்ரோ இருக்குல்ல, பின்ன எதுக்குக் கம்பெனி பஸ்ஸு?

மெட்ரோ 2009 செப்டம்பர் 9ஆம் தேதி திறந்தது. டிரைவர் இல்லாமல் ஓடுகிறது, ஏசி குளிர் எலும்பில் ஏறும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி. ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹம், பக்கத்து மண்டலம் 5, அதற்கு மேல் 7.50. குறை சொல்லவே முடியாது. ஆனால் லேபர் கேம்ப் எதுவும் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் இல்லையே. கேம்ப் ஒரு மூலையில், சைட் இன்னொரு மூலையில். காலை நாலரைக்கு எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றவன் நான், மெட்ரோவில் ஏறியதெல்லாம் லீவு நாளில்தான். மாதம் எல்லா மண்டலத்துக்குமான பாஸ் 350 திர்ஹம். 1500 சம்பளக்காரனுக்கு அது 48 மணி நேர வேலை, அதாவது ஆறு நாள். ஜெர்மனியில் நாலரை மணி நேரம், ஞாபகம் இருக்கிறதா?

அதனால் ஆஃபர் லெட்டர் வந்தால் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள். கம்பெனி வண்டியா, அலவன்ஸா, ஒன்றுமில்லையா? ஒன்றுமில்லை என்றால் சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் மெட்ரோ தொடங்கும், ஞாயிறு டியூட்டிக்காரர்கள் கவனம். உள்ளே சாப்பிட்டால், தண்ணீர் குடித்தால் 100 திர்ஹம் அபராதம். தெரியாமல் பெண்கள் பெட்டியில் ஏறினாலும் 100.

சவுதி, கத்தார், குவைத்து?

ரியாதில் 2024 டிசம்பர் 1 முதல் மெட்ரோ, ஆறு வழித்தடம், 176 கிலோமீட்டர், 85 ஸ்டேஷன். 4 ரியாலுக்கு இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம். தோஹாவில் 2019 முதல், ஒரு பயணம் 2 ரியால், நாளுக்கு 6 ரியாலுக்கு மேல் எடுக்காது. இரண்டும் மலிவு. குவைத்தில் ரயிலே கிடையாது, பஸ் உண்டு, வெயிலில் நிற்கத் தயாராக இருங்கள். மீன்பிடி வேலைக்குப் போகிற குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது எதுவும் பெரிதாக உதவாது, அவர்கள் தங்குவதே துறைமுகத்தில்.

சிங்கப்பூர்ல மட்டும் எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?

ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கும், முதலில் அதுவே ஒரு சந்தோஷம். தூரத்துக்குத் தகுந்த காசு, ஒரு டாலரைச் சற்றுத் தாண்டித்தான் தொடங்கும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும் ஒரே பயணமாகக் கணக்கு வைக்கும். ரகசியம் பஸ்ஸில் இல்லை, காரில் இருக்கிறது. அங்கே கார் வாங்க வேண்டுமென்றால் கார் விலை தனி, கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டு தனி. 1990இல் தொடங்கிய முறை. அந்தச் சீட்டு பத்து வருடத்துக்கு மட்டும், ஏலத்தில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியதுண்டு. அவ்வளவு கொடுத்துக் காரை யார் வாங்குவது? வக்கீல், டாக்டர் எல்லாம் ரயிலில் நிற்கிறார்கள். பெரிய ஆட்கள் ஏறுகிற வண்டி என்றால் வண்டி நன்றாக இருக்கத்தானே செய்யும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நல்ல ரயில் ஓடுகிற ஊரில் கட்டட, ஷிப்யார்டு வேலைக்காரர்களைப் பல கம்பெனிகள் இன்னும் லாரியின் பின்தட்டில் உட்கார வைத்துத்தான் கொண்டு போகின்றன. இதை நிறுத்தச் சொல்லி அங்கே பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. ‘டிரான்ஸ்போர்ட் ஃப்ரீ’ என்று ஏஜென்ட் சொன்னால், எந்த வண்டி என்று கேளுங்கள்.

அமெரிக்காவுல கார் இல்லாம முடியவே முடியாதா?

நியூயார்க்கில் முடியும். அங்கே சுரங்க ரயில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், 2026 ஜனவரி முதல் 3 டாலர். சிகாகோ, பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நாலைந்து ஊர்களிலும் சமாளிக்கலாம். மற்ற இடத்தில் பஸ் மணிக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கலுக்கு நிற்கிற ஆள் பத்து நிமிடத்தில் பொறுமை இழக்கிறார், அவரை டெக்சாஸ் புறநகரில் ஒரு நாள் நிறுத்திவைக்க வேண்டும்.

அப்போ நம்ம ஊரு பஸ்ஸு கொள்ளாம்னு சொல்றீங்களா?

சில விஷயத்தில் கொள்ளாம்தான், நன்றாகவே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, வழி நெடுக வீடு. அதனால் கடற்கரை இனயத்துக்கும் பஸ் போகிறது, மலையடியில் பேச்சிப்பாறைக்கும் போகிறது. ராத்திரி கிராமத்திலேயே தங்கி விடிகாலையில் முதல் நடையாகக் கிளம்பும் ஸ்டே பஸ்ஸை ஜெர்மன் கிராமத்தில் தேடினாலும் கிடைக்காது. அங்கே சில கிராமங்களில் ஒரு மணி நேரம் முன்னால் போன் பண்ணிச் சொன்னால்தான் பஸ் வரும். சொல்லாவிட்டால் வராது! தங்கச்சி இதைச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை, “அது டாக்ஸி பிள்ளே” என்று சாதித்தார்கள்.

ஆனால் தரம்? மழையில் ஒழுகும் கூரை, இறங்காத ஷட்டர், படியில் தொங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சக்கர நாற்காலிக்காரர் ஏறவே வழியில்லாத உயரப் படி. எப்போது வரும் என்று ஸ்டாப்பில் எழுதியிருக்காது, டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். லண்டனில் பஸ் நின்றதும் படி தாழ்ந்து கொடுக்கிறது. மலிவு என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, வண்டி மாற்றக் காசில்லாமல் போனதன் மறுபெயர். தமிழ்நாட்டில் அரசு பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில், எதிர்ப்பு வந்ததும் அதிலும் கொஞ்சம் இறக்கினார்கள். அன்று டீசல் 70 ரூபாய்க்குக் கீழ், இன்று 90க்கு மேல்.

அப்படின்னா டிக்கெட்டை ஏத்தினா பஸ்ஸு நல்லா ஆயிரும்லா? வெளிநாட்டுல அப்படித்தான ஓட்டறான்?

இல்லை. வெளிநாட்டில் டிக்கெட் காசிலேயே வண்டி ஓடுகிறது என்பது நம் ஆட்களிடம் இருக்கிற பெரிய தப்புக் கணக்கு. கிட்டத்தட்ட எங்கேயும் ஓடுவதில்லை. லக்சம்பர்க் ஏன் துணிந்து இலவசமாக்கியது தெரியுமா? அதற்கு முன்பே மொத்தச் செலவில் டிக்கெட் காசு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வரிப்பணம்தான். பாரிஸ் வட்டாரத்தில் 1971இலிருந்து கம்பெனிகளிடம் சம்பளத்தின் மேல் ஒரு போக்குவரத்து வரி வாங்குகிறார்கள். தொழிலாளி வந்து சேர்வதால் முதலாளிக்குத்தானே லாபம் என்பது அவர்கள் நியாயம். அது போக மாத பாஸில் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும். ஹாங்காங் மெட்ரோ லாபத்தில் ஓடுகிறது, ஆனால் ஸ்டேஷனுக்கு மேலும் பக்கத்திலும் கட்டடம் கட்டி விற்று, வாடகைக்கு விட்டு வருகிற காசு அதில் பெரிய பங்கு.

நம் ரயிலும் அப்படித்தான். 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்குப் பயணியிடம் சராசரியாக 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சரே சொல்லியிருக்கிறார். பாசஞ்சர் வண்டியில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு ரயிலுக்குக் காத்திருப்பது இதனால்தான். யார் பாக்கியைக் கட்டுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அங்கே கட்டுகிறவர் ஒழுங்காக வருடா வருடம் கட்டுகிறார், அதனால் புது வண்டி வருகிறது.

ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு டவுன்ல, வாடகை கூடுதல். இன்னொண்ணு தள்ளி, 150 யூரோ குறைவு. எதை எடுக்க?

போன மாதம் கருங்கல்லிலிருந்து வந்த ஒரு நர்ஸ் பிள்ளை கேட்டது, இதுவரைக்கும் வந்ததிலேயே கஷ்டமான கேள்வி. மாத டிக்கெட் எடுத்துவிட்டால் தூரம் கூடினாலும் காசு கூடாது, அது மேலே சொன்னதுதான். கூடுவது நேரம். ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் கூடுதல் என்றால் போய் வர எண்பது நிமிடம், மாதம் 22 நாளுக்கு 29 மணி நேரம். 150 யூரோவை 29ஆல் வகுத்தால் மணிக்கு ஐந்து யூரோ சொச்சம். உங்கள் ஒரு மணி நேரத்தை ஐந்து யூரோவுக்கு விற்கிறீர்கள், அங்கே யாரையும் அந்தக் கூலிக்கு வேலைக்கு வைக்கச் சட்டமே விடாது. ஆனால் ஊரில் கடன் இருந்தால், 150 யூரோ பெரிய காசுதான், நான் மறுக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்து மொழிப் பாடம் படிக்க முடியுமா, நின்றுகொண்டே போக வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

அதைவிட முக்கியம் கடைசி வண்டி. மதியம் டியூட்டி ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு முடியும். தள்ளி இருக்கும் வீட்டு ஸ்டாப்பின் பெயரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். வார நாளில் ராத்திரி பதினொன்று வரை வண்டி இருந்தது. ஞாயிறு மாலை 6.40க்கு மேல் அந்தக் கட்டம் காலி. பிள்ளை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, டவுன் வீட்டு ஒப்பந்தத்தை இரண்டு காப்பி பிரின்ட் எடுக்கச் சொன்னாள்.